கையெழுத்துக் கேசட்டுகளை முதலில் காப்போம்

வீடு மாறும்போதோ, பெரியவர் ஒருவர் மறைந்த பிறகு அவருடைய அறையை ஒழிக்கும்போதோ பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டி கீழே இறங்கும். உள்ளே நூறோ இருநூறோ கேசட்டுகள். சில வீடுகளில் இசைத்தட்டுகளும் 2000-களில் கணினியில் எழுதிய சி.டி.க்களும் அவற்றோடு கிடக்கும். புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பரண் இல்லை. டேப் ரெக்கார்டர் பழுதாகிப் பல காலம் ஆகிவிட்டது. பாதியையாவது கழித்தாக வேண்டும் என்று வீட்டார் தீர்மானிக்கிறார்கள். அது நியாயமான தீர்மானம்தான். எதைக் கழிப்பது என்று வரும்போதுதான் பெரும்பாலான வீடுகள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகின்றன.

அட்டை அழகாக அச்சிட்டு, பெட்டி உடையாமல், இளையராஜா படமோ எம்.எஸ். படமோ போட்ட கேசட்டுகள் முதலில் பத்திரமாகின்றன. "இதெல்லாம் ஒரிஜினல்" என்று காரணமும் சொல்லப்படும். டி.டி.கே., சோனி, மெல்ட்ராக் என்று காலி கேசட் வாங்கி, பேனாவால் ஏதோ கிறுக்கி வைத்தவையும் எதுவுமே எழுதாதவையும் குப்பைக்குப் போகின்றன.

இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். கடையில் வாங்கிய கேசட்டைப் பெரும்பாலும் தயங்காமல் கொடுத்துவிடலாம். வீட்டில் பதிந்ததை, முழுதும் கேட்டுப் பார்க்காமல், ஒன்றைக்கூட வெளியே அனுப்பக் கூடாது.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. அது லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்தது. இன்று கைபேசியில் அரை நிமிடத்தில் கிடைக்கிறது. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும், நாகூர் ஹனிபாவின் பாடல்களும் அப்படியே. ஒரு வீட்டுக் கேசட் குப்பைக்குப் போவதால் இவற்றில் ஒன்றுகூட உலகிலிருந்து மறையாது. 'கல்யாணம், 1979' என்று மட்டும் எழுதிய கேசட் அப்படியில்லை. அதன் பிரதி இன்னொன்று எங்கும் இல்லை.

அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நாதஸ்வரம் இருக்கலாம். இசைத்தட்டுக் காலத்தில் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர் என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டுக்காக அவரும் அதைச் சில நிமிடங்களுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அவர் காலத்துக்குப் பின்னும், ஊர் ஊராகச் சென்று கோயில் புறப்பாட்டிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் வாசித்த பெரும்பாலான நாதஸ்வரக்காரர்களை எந்த நிறுவனமும் ஸ்டுடியோவுக்கு அழைக்கவில்லை. அவர்கள் மல்லாரியை எப்படி எடுத்தார்கள், தெரு முனையில் நின்று ஒரு ராகத்தை எவ்வளவு நேரம் வளர்த்தார்கள், தவில்காரர் எந்த இடத்தில் உள்ளே வந்தார் என்பதற்கெல்லாம் சாட்சி, மணமகளின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் பதிந்த அந்த ஒரே கேசட்டாக இருக்கக்கூடும். நடுவே குழந்தை அழும், யாரோ காபி கேட்பார்கள், மைக்செட் கரகரக்கும். இருந்தால் என்ன? வாசிப்பு அதற்குள்தான் இருக்கிறது.

கர்நாடக இசையின் வரலாற்றில் இதற்கு உறுதியான சான்று உண்டு. மதுரை மணி ஐயரும் (1912–1968) புல்லாங்குழல் மாலியும் (1926–1986) மேடையில் மணிக்கணக்கில் எப்படிப் பாடினார்கள், வாசித்தார்கள் என்று இன்றைய இளைஞர் ஒருவர் கேட்க முடிகிறதென்றால், அதற்குக் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்த ரசிகர்களுக்குப் பெருமளவு நன்றி சொல்ல வேண்டும். வானொலிக்கும் இது பொருந்தும். அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இணைந்த 'டூ-இன்-ஒன்' வீட்டுக்கு வந்த பிறகு, எத்தனையோ பேர் இரவில் காத்திருந்து அந்தக் கச்சேரிகளைப் பதிந்தார்கள். கேசட்டின் தாள் உறையில் ராகம், கீர்த்தனை, பக்கவாத்தியக்காரர் பெயர்களைச் சிறிய எழுத்தில் வரிசையாக எழுதியும் வைத்தார்கள்.

"வானொலி நிலையத்தில் அசல் இருக்குமே" என்று நம்பி இவற்றைக் கொட்டிவிடுவது ஆபத்து. ஒலிபரப்பு நிறுவனங்கள் பதிவை அழித்த கதைகள் பல நாடுகளில் உண்டு. பிபிசி, 1960-களிலும் 70-களிலும் தன் தொலைக்காட்சி நாடாக்களை அழித்து அவற்றின் மேலேயே புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளுக்கு இன்று படமே இல்லை. ஆனால் தொலைந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் பிழைத்திருக்கிறது. தொடரை விரும்பிய ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்து ஒலியைப் பதிந்து வைத்திருந்தார்கள். உலகின் மிகப் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களில் ஒன்று காக்கத் தவறியதை வீட்டு அலமாரிகள் காத்துக் கொடுத்தன.

இசையே இல்லாத கேசட்டுகளும் அந்தப் பெட்டியில் இருக்கும். 1970-களிலும் 80-களிலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் தொலைபேசி எட்டாத விலையில் இருந்தது. பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அப்படி வந்த பேச்சுக்கு நடுவே பாட்டி ஒரு தாலாட்டைப் பாடியிருப்பார். அத்தை நடவுப் பாட்டு ஒன்றை நினைவிலிருந்து சொல்லியிருப்பார். பின்னால் அதே கேசட்டில் யாராவது சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள். பாட்டு முடிந்த இடத்திலிருந்து பழைய குரல் தொடரும். அதனால் முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு "சினிமாப் பாட்டுதான்" என்று முடிவு கட்டக் கூடாது. இரு பக்கமும் கடைசிவரை ஓட வேண்டும்.

கடைக்காரரிடம் தாளில் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிட நாடாவிலோ 90 நிமிட நாடாவிலோ பதிந்து வாங்கிய கேசட்டுகள் வேறு வகை. எண்பதுகளில் இளைஞராக இருந்தவர்களுக்கு அவற்றின் மேல் உள்ள பாசம் மற்றவர்களுக்குப் புரியாது. ஆனால் அந்தப் பாடல்கள் எல்லாம் கிடைக்கின்றன. பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு, மனசுக்கு நெருக்கமான இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

கடையில் வாங்கியதிலும் ஒரு பகுதிக்கு விலக்கு தர வேண்டும். சிறு நகரங்களில் கேசட் வெளியிட்ட குட்டி நிறுவனங்கள் ஏராளம். அந்தந்த ஊர்க் குலதெய்வப் பாடல்கள், வில்லுப்பாட்டு, தெருக்கூத்து, கரகாட்டக் கலைஞர்களின் கேலிப் பேச்சு, தேவாலயப் பாடகர் குழுக்கள், கட்சி மாநாட்டுப் பாடல்கள் என்று அவை வெளியிட்டவற்றில் பலவும் சிறிய அளவில் அச்சாகி அந்த வட்டாரத்திலேயே விற்றுத் தீர்ந்தவை. நிறுவனங்கள் மூடிவிட்டன. அசல் நாடா எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. இவை அச்சிட்ட அட்டையோடு வந்தவை என்றாலும், அரிதானவை என்ற வகையில் வீட்டுப் பதிவுகளோடு சேர வேண்டியவை.

எது அரிது என்று கண்டுபிடிக்கும் வழி எளிது. பாடகர் பெயரையும் முதல் வரியையும் கைபேசியில் தேட வேண்டும். கிடைத்தால் ஒரு நிமிடம் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். பக்திப் பாடகர்கள் பலர் அதே பாட்டைப் பிற்காலத்தில் புதிய வாத்தியங்களோடு மறுபடி பாடியிருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிவு வேறாக இருக்கும். அதே பதிவுதான் என்று உறுதியானால் கேசட் போகலாம். இணையத்தில் இருப்பது என்றைக்கும் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2023 மார்ச்சில் ஒப்பந்தம் முறிந்ததால் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. உயிராக நினைக்கும் பாட்டுக்குச் சொந்தமாக ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது.

இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை, எண்பதுகள் வரை வந்த வினைல் தட்டுகளுக்கு இன்று வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வேண்டாதவர் விற்றுவிடலாம். கனமான, கீழே விழுந்தால் உடைந்துவிடும் 78 சுழற்சித் தட்டுகளை மட்டும், விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் பார்க்காமல் விடக் கூடாது. கிட்டப்பா, சுந்தராம்பாள், பாகவதர் போன்ற புகழ் பெற்றவர்களின் பாடல்கள் மீண்டும் மீண்டும் வெளிவந்தன. அவர்களோடு அதே காலத்தில் பாடிய நாடகக் கலைஞர்கள் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஒரே ஒரு தட்டு எவ்வளவு செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சன் ஹவுஸ் ஓர் உதாரணம். 1930-இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக அவர் பாடிய 'கிளார்க்ஸ்டேல் மோன்' பல பத்தாண்டுகள் பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்தது. தேய்ந்த தட்டு ஒன்று எங்கிருந்தோ கிடைத்த பிறகு, 2006-இல்தான் அது மறுவெளியீடு கண்டது. 78 தட்டைத் துடைக்கும்போது ஓர் எச்சரிக்கை: அது அரக்கால் ஆனது, ஸ்பிரிட் பட்டால் கரையும்.

கேசட்டின் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுவதும் தவறான கழிப்புக்குக் காரணமாகிறது. நாடாச் சுருளில் வெண்மையாகத் தெரிவது பூஞ்சை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இது சகஜம். தெரிந்தவரிடம் கொடுத்தால் சுத்தம் செய்து கேட்க முடியும். அப்படியே போட்டு ஓட்டினால்தான் கருவியும் கெட்டு நாடாவும் கெடும். ஒலி மங்கலாகக் கேட்டால், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கலாம். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கும். அதை வேகமாகச் சுற்றவே கூடாது. எந்தக் கேசட்டாக இருந்தாலும் கருவியில் போடுமுன் அதன் முதுகில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட வேண்டும். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது.

அவசரம் அதிகம் தேவைப்படுவது கேசட்டுக்கு இல்லை, வீட்டில் எழுதிய சி.டி.க்குத்தான். கேசட் மெல்ல மங்கும்; இரைச்சலுக்குள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுதும் சி.டி.யில் தகவல் தங்குவது ஒரு சாயப் படலத்தில். அது சிதைந்தால் தட்டு ஒருநாள் திடீரென்று திறக்காமல் போகும். "சி.டி.யில் ஏற்றியாச்சு" என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்றே அந்த சி.டி.யைத் திறந்து பார்த்து, வேறு இரண்டு இடங்களிலாவது நகல் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விட வேகமாக அழிவது நினைவு. கேசட்டில் பாடுவது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு எண்பது வயது. கழிக்கும் வேலை இளையவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிப்பதாக இருக்கக் கூடாது. பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓட்டிக் காட்டி, அவர் சொல்வதை எழுத வேண்டும். கழிக்கப் போகிற கச்சேரிக் கேசட்டின் அட்டையையும் படம் எடுத்து வைக்க வேண்டும். இணையத்தில் பல இடங்களில் பாடகர் பெயர் மட்டுமே இருக்கிறது; வயலின் யார், மிருதங்கம் யார் என்பது அட்டையோடு போய்விடுகிறது.

வீட்டால் வைத்துக்கொள்ள முடியாத அரிய பதிவுகள் எங்கே போகும்? கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்தவற்றை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. குருகிராமில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982-இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் தேனியிலோ திருவாரூரிலோ இருக்கும் ஒரு குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேராது. மாவட்ட மைய நூலகத்துக்குப் போகும். தமிழ்நாடு அரசு 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் திறந்தது. அந்த அளவு பெரிய கட்டடம் இதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் நன்றாக ஓடும் கேசட் டெக் ஒன்று, கணினி ஒன்று, பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் போதும். குடும்பம் கொண்டுவரும் கேசட்டைப் பதிந்து, விவரம் எழுதி, நூலகம் ஒரு நகலை வைத்துக்கொண்டு, கேசட்டையும் பென் டிரைவையும் திருப்பித் தர வேண்டும். தமிழிணையக் கல்விக்கழகம் நூல்களை மின்னூலகத்தில் ஏற்றி வருவதுபோல், குடும்பத்தின் ஒப்புதல் உள்ள பதிவுகளுக்கும் அங்கே ஒரு பகுதி ஒதுக்கலாம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் நூலகத் துறைக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கென ஒரு தொகையைச் சேர்க்க வேண்டும். டேப் டெக்குகளைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் சில ஊர்களில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அந்த வேலை தொடங்க வேண்டும்.