கிதாரும் டார்ச் விளக்கும்

நோய்க்கும் ராக் இசைக்கும் என்ன உறவு? உள்ளூர் இசைக்குழுக்களை மேடையேற்றி, நோய் விழிப்புக்கென்று நிதி திரட்டும் பேச்சு நம் மாணவரிடையே எழும்போதெல்லாம் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. "ஒருவன் நோவில் கிடக்கும்போது இவர்களுக்குக் கொட்டும் கும்மாளமுமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அந்நிய நாட்டு இரைச்சல் என்ற குற்றச்சாட்டும் கூடவே வருகிறது.

நான் இசைக்குழுக்களின் பக்கம் நிற்கிறேன். ஆனால் நிபந்தனையோடு நிற்கிறேன்.

இசையால் அறம் செய்வது நமக்குப் புதிதா? எம்.எஸ். சுப்புலட்சுமி நாற்பதாண்டுக் காலம் பொதுக் காரியங்களுக்காகப் பாடிப் பொருள் ஈட்டித் தந்தார். 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது அந்தப் பொதுத்தொண்டுக்காகவே. வீணைக்குப் பொருந்தும் அறம் கிதாருக்குப் பொருந்தாதா? அந்நியம் என்பதும் பழங்கதை. 2003இல் தோன்றிய 'அவியல்' குழு ராக் இசையை மலையாளத்திலேயே பாடிக் காட்டிவிட்டது. பெயரைப் பாருங்கள், அதைவிட நம் வீட்டுப் பெயர் வேறு உண்டோ?

வெளியுலகமும் இதற்குச் சான்று தருகிறது. பாடகர் பிரெட்டி மெர்க்குரி 1991இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். வாய்விட்டுச் சொல்லவே மக்கள் அஞ்சிய நோய் அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் அவர் நினைவாக நடந்த இசை நிகழ்ச்சி, அந்த நோயின் பெயரை ஊரறியச் சொல்ல வைத்தது. அதில் கிடைத்த பணத்தைக் கொண்டு எய்ட்ஸ் ஒழிப்புக்கென ஓர் அறக்கட்டளையும் பிறந்தது. மறைத்த நோயை மேடைக்குக் கொண்டுவர இசையால் முடியும். இதில் எனக்கு ஐயமில்லை.

என் ஐயமெல்லாம் மறுநாள் காலையைப் பற்றியது.

சாலைக் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் தெரு. எழுத்தாளர் ஆ. மாதவன் அங்கேயே கடை வைத்து, அந்த மனிதர்களையே கதைகளாக்கினார். நம்மில் பலருடைய தந்தையோ மாமனோ இன்றும் அங்கே கணக்கெழுதுகிறார், மூட்டை இறக்குகிறார். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அங்கே விற்பனைச் சரக்கு மட்டுமா? பலர் வாயில் நாள் முழுதும் குடியிருப்பதும் அவைதாம்.

அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி இருந்தார். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாய் ஒரு திட்டு. கேட்டால், "சுண்ணாம்பு பட்டதுடே, ரெண்டு நாள்ல ஆறிரும்" என்பார். இரண்டு நாள் இரண்டு ஆண்டாயிற்று. வாய் திறந்து சோறு உண்ண முடியாதபோதுதான் மருத்துவமனைக்குப் போனார். மிகவும் பிந்திவிட்டது என்றார்கள். அவர் பாடுபட்ட தெருவிலிருந்து மருத்துவக் கல்லூரி வளாகத்து வட்டாரப் புற்றுநோய் மையம் எத்தனை தொலைவு? ஒரு பஸ் தொலைவு!

அந்த மையத்தைச் சேர்ந்தவர்கள் நம் மாவட்டத்தில் செய்து காட்டிய ஆராய்ச்சியை மாணவர்கள் எத்தனை பேர் அறிவோம்? 1996இல் தொடங்கினார்கள். 13 ஊராட்சிகளைத் தேர்ந்தார்கள். அவற்றில் ஏழில், 35 வயது நிறைந்தோரை வீடு தேடிச் சென்று, வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஐயமுள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஏனைய ஆறில் வழக்கமான சிகிச்சை மட்டும். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. வீடு வீடாகச் சென்று பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். ஆம், நம்மைப் போன்றவர்கள்!

இப்போது சொல்லுங்கள். ஆயிரம் பேர் கூடி ஆடிப் பாடி, மார்பில் ரிப்பன் குத்திக்கொண்டு கலைந்துவிட்டால், அதற்கு விழிப்பு என்று பெயரா? யார் விழித்தார்கள்?

ஆகவே, நிகழ்ச்சி நடத்த முன்வரும் தோழர்களுக்கு மூன்று சொற்கள்.

முதலாவது, இடம். குளிரூட்டிய மண்டபம் வேண்டாம். சாலைக்கு அருகே புத்தரிக்கண்டம் மைதானம் இருக்கிறது. கடையடைத்து வருகிறவன் நின்று கேட்கட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தமிழிலும் மலையாளத்திலும் ஒருவர் இரண்டே நிமிடம் பேசட்டும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாய் திறக்க இடர் என்ற நான்கையும் சொன்னால் போதும்.

இரண்டாவது, கணக்கு. வங்காள தேச அகதிகளுக்காக ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் 1971இல் நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. ஆயினும் வரி விலக்குக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததால், இசைத்தட்டில் வந்த பெரும்பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. நல்ல நெஞ்சு மட்டும் போதாது. நல்ல கணக்கும் வேண்டும். வரவும் செலவும் ஒரு மாதத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஏறட்டும்.

மூன்றாவது, மறுவாரம். பயிற்சி பெற்ற ஊழியர்களைச் சாலைக்கு அழைத்து வந்து வாய்ப் பரிசோதனை நடத்த வேண்டும். ஐயமுள்ளவரைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு நாமே அழைத்துப் போக வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்தால் போகமாட்டார்; ஒரு நாள் கூலி போய்விடுமே! திரட்டிய நிதி அந்தக் கூலிக்கு ஈடாகட்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தார் வள்ளுவர். முதல் மூன்றும் இந்நகரில் உண்டு. நான்காமவர்தாம் குறைவு. அந்த இடம் மாணவர்க்குரியது.

கிதார் முழங்கட்டும். ஆனால் கைதட்டலை எண்ண வேண்டாம் தோழர்களே. டார்ச் விளக்கின் ஒளியில் நாம் பார்த்த வாய்களை எண்ணுவோம். அண்ணாச்சிக்குப் பிந்திவிட்டது. அவர் பக்கத்துக் கடைக்காரருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.