முதல் ஹீல்ஸ் ரெண்டு இஞ்சைத் தாண்ட வேண்டாம்

நம்ம வீட்டுப் பொண்ணுங்க டான்ஸ் கிளாஸ் போனா முதல் வேலை, செருப்பைக் கழட்டி வாசல்ல விடறது. மாட்டுங்காவோ மயிலாப்பூரோ, பரதநாட்டியம்னா வெறுங்கால்தான். அதனால "டான்ஸ் ஆட என்ன செருப்பு வாங்கறது?"ன்னு அம்மாகிட்ட கேட்டா பதில் வராது. நமக்கு அந்தப் பழக்கமே இல்லை.

இப்போ மும்பை, பெங்களூர்ல ஹீல்ஸ் கிளாஸ் வந்தாச்சு. லண்டன், நியூயார்க்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு பர்லெஸ்க் பிகினர்ஸ் கிளாஸே கிடைக்குது. சேர்றவங்கள்ல என்னை மாதிரி நாப்பது தாண்டினவங்களும் உண்டு. பேர் குடுத்த கையோட பல பேர் செய்யற காரியம், நாலு இஞ்ச் ஊசி ஹீல்ஸ் ஆர்டர் பண்றது. அது வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி.

பர்லெஸ்க்னு சொன்னாலே சிலர் முகம் சுளிக்கறாங்க. இத்தாலிய மொழியில 'பர்லா'ன்னா கேலி. அதுல இருந்து வந்த பேர் இது. 1868ல இங்கிலாந்துல இருந்து லிடியா தாம்ப்ஸன் தன் குழுவோட நியூயார்க் போனப்போ மேடையில நடந்தது, கிரேக்க புராணத்தைக் கிண்டல் பண்ற பாட்டும் கூத்தும். பொம்பளைங்களே ஆம்பளை வேஷம் கட்டினாங்க. துணி களையற சமாச்சாரம் பின்னாடி தூக்கலாச்சு. 1937ல நியூயார்க் நகரம் லைசென்ஸ் குடுக்காம கொட்டகைகளை மூட வெச்சது. 1990கள்ல திரும்ப உயிர் வந்தது. இன்னிக்கு ஆரம்ப வகுப்புல பெரும்பாலும் நடை, திரும்பறது, நாற்காலியை வெச்சு ஆடறது, நீளக் கையுறையை நிதானமா கழட்டறது, இவ்வளவுதான். இத்தனைக்கும் அஸ்திவாரம் தள்ளாடாம நிக்கறது. நடை தடுமாறினா கேலி நம்ம மேலயே திரும்பிடும் :-)

குதிகால் உசர உசர உடம்பு பாரம் விரல் பக்கம் போகுது. கணுக்கால் பிடிமானம் குறையுது, கெண்டைக்கால் சுருங்குது, இடுப்பு முன்னாடி வளையுது. வருஷக்கணக்கா தட்டையான செருப்புல லோக்கல் ட்ரெயின் பிடிச்ச காலுக்கு இது புதுசு. இருபது வயசுல சமாளிச்சுடலாம். நாப்பதுக்கு மேல தசைக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கணும்.

அதனால முதல் ஜோடி ஒன்றரை இஞ்ச்ல இருந்து ரெண்டு இஞ்ச். ஹீல் தடிமனா, குதிகாலுக்கு நேர் கீழ இருக்கணும். பாதத்து மேல வார் கட்டாயம். கணுக்காலைச் சுத்தி வந்தா இன்னும் நல்லது. நாடகக்காரங்க போடற 'கேரக்டர் ஷூ'ன்னு ஒண்ணு உண்டு, அது கச்சிதம். அடியில சூயேட் தோலோ வழவழப்பான தோலோ இருக்கணும். ரப்பர் அடி தரையைக் கவ்விக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவுல மாட்டறது முழங்கால். கடையில ஷூவை ரெண்டு கையாலயும் வளைச்சுப் பாருங்க. விரல் பக்கம் வளையலாம், நடுவுல வளைஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. கிளாஸ்ல ஸ்டாக்கிங்ஸ் போடச் சொன்னா அதைப் போட்டுக்கிட்டே அளவு பாருங்க, நைலான் உள்ள வழுக்கும்.

நம்ம வீட்டுத் தரையையும் யோசிக்கணும். ஸ்டூடியோவுல மரத்தரையோ வினைல் விரிப்போ இருக்கும். வீட்டுல பளபளன்னு டைல்ஸ். அதுல சூயேட் வழுக்கிட்டுப் போகும். வீட்டுல வெறுங்காலோட பயிற்சி பண்ணுங்க. சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு, குக்கர் விசில் வர்ற வரைக்கும் குதிகாலைத் தூக்கி இறக்கினாலே கணுக்கால் உறுதியாகும். டான்ஸ் ஷூவைத் தெருவுல போடாதீங்க, முக்கியமா மழைக்காலத்துல. நனைஞ்ச சூயேட் கெட்டது. பையில எடுத்துட்டுப் போய் அங்க மாட்டிக்கலாம்.

"உசரமான ஹீல்ஸ் போட்டாதான் அந்த மிடுக்கே வருது"ன்னு ஒரு வாதம் உண்டு. கண்ணாடி முன்னாடி நிக்கறவரைக்கும் வாஸ்தவம். நடக்க ஆரம்பிச்சதும் கண் தரையைத் தேடும். தரையைப் பாக்கறவங்ககிட்ட மிடுக்கு எங்க இருந்து வரும்? ரெண்டு இஞ்ச்ல நிமிர்ந்து எதிர்ல இருக்கறவங்களைப் பாத்து நடந்தா அதுதான் பர்லெஸ்க். மூணு இஞ்சும் நாலு இஞ்சும் ஆறு மாசம் கழிச்சு ஓடியா போகும்?

இவ்வளவு விலாவாரியா சொல்ல ஒரு காரணம் இருக்கு. இந்த மாதிரி கிளாஸ் போறதை நம்ம பொம்பளைங்க வீட்டுல சொல்றதில்லை. ஷூவையும் ரகசியமா ஆன்லைன்ல, போட்டுப் பாக்காம, படத்தை மட்டும் பாத்து வாங்கறாங்க. அளவு தப்பினா திருப்பி அனுப்பவும் கூச்சம். கூரியர்காரர் வந்தா மாமியார் என்னன்னு கேப்பாங்க. கடிக்கற ஷூவையே இழுத்துக்கிட்டு ஆடி, மூணாவது வாரம் கணுக்கால் பிசகுது. அப்புறம் விஷயம் வெளிய வந்ததும் வீடே சேர்ந்து ஒரு தீர்ப்பு சொல்லும்: "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" தப்பு வயசு மேலயும் இல்லை, ஆட்டத்து மேலயும் இல்லை, ஷூ மேல. ஆனா மூடற கதவு அவங்களோடது. வாரத்துல ஒரு மணி நேரம், ஆபீசும் அடுப்படியும் இல்லாம தனக்குன்னு வெச்சிருந்த ஒரே மணி நேரம் போயிடும்.

அதனால சாயங்காலமா, கால் லேசா வீங்கியிருக்கற நேரத்துல, நேரா கடைக்குப் போங்க. ரெண்டு காலுக்கும் போட்டு, நடந்து, ஒரு சுத்து சுத்திப் பாத்து வாங்குங்க. முடிஞ்சா வீட்டுக்காரரையோ பொண்ணையோ கூட்டிட்டுப் போங்க. கணக்குப்படியும் இது லாபம்தான். 2025 செப்டம்பர்ல இருந்து ஜோடி 2,500 ரூபாய் வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினா 18. முதல் ஷூ அந்தக் கோட்டுக்குக் கீழயே இருக்கட்டும். யாராவது டான்ஸ் எதுக்குன்னு கேட்டா, ஷூ வாங்கியாச்சு, வீணாக்க முடியாதுன்னு சொல்லிக்கலாம். நம்ம வீடுகள்ல அந்த வாதத்துக்கு மட்டும் எதிர்வாதம் கிடையாது.