அறுந்த நியூட்ரலுக்கு வீட்டுக்காரர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டின் தெருக்களில் ஓடும் தாழ்வழுத்த மின்பாதையில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் உள்ளன. ஏதேனும் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும் இருக்கும். ஒருமுனை இணைப்புப் பெற்ற வீட்டுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலுமே வந்து சேர்வதால், அவ்வீட்டின் தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வைஃபை கருவி ஆகிய அனைத்தும் அந்த 230 வோல்ட்டை நம்பியே இயங்குகின்றன. மின்மாற்றியிலோ கம்பத்திலோ தெருமுனைப் பில்லர் பாக்ஸிலோ நியூட்ரல் அறுந்துவிட்டால், அல்லது அதன் இணைப்பு அரித்துத் தளர்ந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. ‘ஹை வோல்டேஜ் வந்து எல்லாம் போய்விட்டது’ என்று தெருவே சேர்ந்து சொல்லும் சேதங்கள் பல இவ்வாறு நேர்பவையே. அவற்றுக்கான பொறுப்பைக் கம்பியைப் பராமரிக்கும் மின் பகிர்மான நிறுவனமே ஏற்க வேண்டும்; அப்பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமையைப் பொருளை இழந்தவர் தலையில் ஏற்றும் இன்றைய நடைமுறை முடிவுக்கு வர வேண்டும்.

இந்தப் பங்கீடு நடக்கும் விதம், அநீதி எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு ஃபேஸில் உள்ள வீட்டில் வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸுமாக 2,000 வாட் சுமையும், மற்றொரு ஃபேஸில் உள்ள வீட்டில் ஒரு தொலைக்காட்சியும் இரண்டு விளக்குகளுமாக 200 வாட் சுமையும் இருப்பதாகக் கொள்ளலாம். நியூட்ரல் இருக்கும்வரை இரு வீடுகளும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. அது அறுந்த கணத்தில் இரண்டும் ஒரே சுற்றில் தொடராக இணைந்துவிடுகின்றன. மின்தடை அதிகமுள்ள பக்கத்துக்கே அதிக மின்னழுத்தம் போய்ச் சேரும் என்பது ஓமின் விதியின் விளைவு. கணக்கிட்டால், பெரும் சுமை உள்ள வீட்டுக்கு 40 வோல்ட்டுக்கும் குறைவாகவும், சிறு சுமை உள்ள வீட்டுக்கு 360 வோல்ட்டுக்கு மேலாகவும் கிடைக்கும். அதாவது, குறைவாக மின்சாரம் பயன்படுத்துகிற, சிக்கனமாக வாழ்கிற குடும்பத்தின் பொருள்களே முதலில் கருகுகின்றன. அக்குடும்பத்தின் வயரிங்கில் குறையில்லை, அது கட்ட வேண்டிய கட்டணத்தில் பாக்கியில்லை, பக்கத்து வீட்டில் என்ன ஓடுகிறது என்பதும் அதன் கட்டுப்பாட்டில் இல்லை. இருந்தும் இழப்பு முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது.

கருவிக்குள் நிகழ்வதையும் விளக்க வேண்டும். இன்றைய மின்னணுக் கருவிகள் மாறுதிசை மின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கியில் சேமித்து, பின்னர் தமக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்கின்றன. 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி அளவு. அலையின் உச்சத்தில் அது 325 வோல்ட்டைத் தொடுவதால், இந்தக் கெப்பாசிட்டர்களைப் பொதுவாக 400 அல்லது 450 வோல்ட் தாங்குமாறு அமைக்கிறார்கள். வீட்டுக்குள் 400 வோல்ட் வரும்போது உச்சம் 560-ஐத் தாண்டுகிறது. கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கிறது, அதையொட்டிய பாகங்களும் பழுதாகின்றன. மின்னல் போன்றவற்றால் நொடியின் மிகச் சிறு பின்னத்துக்கு வரும் பாய்ச்சலை உறிஞ்சுவதற்காக வேரிஸ்டர் என்னும் சிறு வட்டப் பாகத்தைப் பல கருவிகளிலும் ஸ்பைக் பஸ்டர்களிலும் வைக்கிறார்கள். ஆனால் நிமிடக்கணக்கில் நீடிக்கும் மிகையழுத்தத்தைத் தாங்க அது படைக்கப்பட்டதன்று. சூடேறித் தானே கருகிவிடும். வீட்டு மின்பலகையிலுள்ள எம்.சி.பி. மின்னோட்டம் மிகும்போது துண்டிக்கும், ஆர்.சி.சி.பி. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும். மின்னழுத்தம் உயர்ந்ததைக் கவனிப்பது இவ்விரண்டின் வேலையும் அல்ல. ‘எல்லாப் பாதுகாப்பும் வைத்திருந்தோமே’ என்று குழம்புகிற குடும்பங்கள் தவறொன்றும் செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேதத்துக்குப் பிறகு அக்குடும்பம் தட்டக்கூடிய கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. தயாரிப்பாளரின் வாரண்டி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் வரும் பழுதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் பாரத் கிரஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டுத் திட்டமும், மிகை மின்னழுத்தத்தாலும் ஷார்ட் சர்க்யூட்டாலும் ஒரு மின்கருவிக்கே நேரும் சேதத்தை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. பழுது பார்க்கும் இடத்திலோ, ஃப்யூஸும் வேரிஸ்டரும் மாற்றினால் தீரக்கூடிய குறைக்கும் முழு போர்டையே மாற்றச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கடைசியாக மின்வாரிய அலுவலகத்துக்குப் போனால், லைன்மேன் வந்து நியூட்ரலைச் சேர்த்துக் கொடுப்பார். கருகிய பொருளைப் பற்றிய பேச்சுக்கு அங்கே ஒரு விண்ணப்பப் படிவம்கூட எளிதில் கிடைப்பதில்லை.

சட்டம் முற்றிலும் மௌனமாக இருப்பதாகக் கருதக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 57-ஆம் பிரிவில், சேவைத் தரத்தை எட்டத் தவறும் மின் வழங்கல் உரிமதாரர் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்கிறது. அந்த ஈட்டை முடிவுசெய்யும் அதிகாரம் மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-இல் இதற்கான விதிமுறைகளை வகுத்தது. அவற்றின் ஈட்டுத்தொகை புகாரைத் தீர்ப்பதில் ஏற்படும் தாமதத்தை அளப்பதாக இருக்கிறதேயன்றி, அழிந்த பொருளின் மதிப்பை அளப்பதாக இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின் வழங்கலைச் சேவையாகவே வரையறுத்திருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்கு அங்கே கட்டணமும் இல்லை. ஆனால் சேவைக் குறைபாட்டை மெய்ப்பிக்கும் கடமை முறையிடுபவருடையது. எந்தக் கம்பத்தில் எந்த நேரத்தில் எந்த இணைப்பு விட்டது என்பதற்கான பதிவு எதிர்த்தரப்பின் கையில் மட்டுமே இருக்கும்போது, அக்கடமை நடைமுறையில் உரிமை மறுப்பாகவே முடிகிறது.

இந்திய நீதிமுறைக்கு இதைவிடச் சிறந்த கோட்பாடு ஏற்கெனவே தெரியும். அறுந்து கிடந்த மின்கம்பியால் சைக்கிளில் வந்தவர் உயிரிழந்த வழக்கில், மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கு எதிராக 2002-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அபாயகரமான ஆற்றலைக் கையாளும் நிறுவனம் தன் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் விளைவுக்குப் பொறுப்பாகும் என்ற கடும்பொறுப்புக் கோட்பாட்டைப் பொருத்தியது. வேறொருவர் திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்தார் என்ற வாதம்கூட வாரியத்தைக் காப்பாற்றவில்லை. உயிரிழப்பும் பொருளிழப்பும் ஒன்றாகா. எனினும் பாய்ந்தது அதே மின்சாரம், பழுதானது அதே நிறுவனத்தின் கம்பி என்னும்போது, பொறுப்பின் அளவு குறையலாமேயொழிய அதன் திசை மாறுவதற்கு நியாயமில்லை.

இதற்கு எதிராக எழும் வாதங்கள் இரண்டு. பொய்க் கோரிக்கைகள் குவியும் என்பது முதலாவது. பிரேசில் நாட்டின் மின்சார ஒழுங்குமுறை அமைப்பான அனீல், மின்பாதைக் கோளாறால் பழுதாகும் வீட்டுக் கருவிகளுக்கு ஈடு தருவதைப் பகிர்மான நிறுவனங்களின் கடமையாக விதித்திருக்கிறது. அங்கே நுகர்வோர் விண்ணப்பித்ததும், அந்த நாளில் அந்தப் பாதையில் கோளாறு நேர்ந்ததா என்பதைத் தன் பதிவேடுகளில் தேடிப் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. கருவியைப் பார்வையிட அதற்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. உணவோ மருந்தோ கெடாமல் வைக்கும் ஃபிரிட்ஜ் என்றால் ஒரே வேலைநாள்தான். பொய்யைப் பிரித்தறியும் ஏற்பாடு விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒரே மின்மாற்றியின் கீழுள்ள பல வீடுகளில் ஒரே நேரத்தில் கருவிகள் பழுதானால் அதைப் பொய் என்று தள்ளுவதும் கடினம்.

கடனில் தத்தளிக்கும் மின்வாரியத்தால் இதைத் தாங்க முடியாது என்பது இரண்டாவது வாதம். இதைப் பரிவோடு பரிசீலிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செலவு இன்றும் இல்லாமல் இல்லை. தவணையில் வாங்கிய தொலைக்காட்சி கருகிய குடும்பம் அதை முழுதாகச் சுமக்கிறது, எந்தக் கணக்கேட்டிலும் அது ஏறுவதில்லை. நிறுவனத்தின் கணக்கில் ஏறினால்தான், மழைக்காலத்துக்கு முன் ஜம்பர் இணைப்புகளை இறுக்குவதும், மின்மாற்றியின் நியூட்ரல் எர்த்தைச் சோதிப்பதும், ஃபேஸ்களின் சுமையைச் சமப்படுத்துவதும் செலவைக் குறைக்கும் வேலைகளாகத் தெரியும். களப்பணியாளர் இடங்கள் காலியாகக் கிடப்பதால்தான் இப்பணிகள் தள்ளிப்போகின்றன என்று தொழிற்சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவருகின்றன. பணத்தில் பதியாத இழப்பு எந்த நிர்வாகத்தையும் அந்த இடங்களை நிரப்பத் தூண்டாது.

சான்றுக்கான வழியும் இப்போது திறந்திருக்கிறது. ஸ்மார்ட் மீட்டருக்கான இந்தியத் தரநிர்ணயம், மின்னழுத்தம் வரம்பு மீறிய நிகழ்வுகளை நாளும் நேரமும் குறித்துப் பதிவுசெய்ய இடமளிக்கிறது. அந்த மீட்டர்கள் வரும்போது கட்டணம் வசூலிக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்திவிட்டு, இந்தப் பதிவை நிறுவனத்துக்குள்ளேயே பூட்டிவைப்பது ஏற்க முடியாததாகும்.

விதி மாறும்வரை குடும்பங்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விளக்கு வழக்கத்துக்கு மீறிப் பிரகாசித்தாலோ மின்விசிறி வெறிகொண்டு சுழன்றாலோ ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க முயலாமல் மெயின் சுவிட்சை உடனே அணைப்பது முதல் வேலை. மின்னழுத்தம் மிகும்போது தானே துண்டிக்கும் கருவியை மின்பலகையில் பொருத்துவது பயன் தரும். சேதம் நேர்ந்துவிட்டால் ‘மின்னகம்’ சேவை மையத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்வதும், கருகிய போர்டைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பதும், பழுதின் காரணத்தை மெக்கானிக்கிடம் எழுத்தில் பெறுவதும், தெருவிலுள்ள மற்ற வீடுகளோடு சேர்ந்து உதவிப் பொறியாளரிடம் கூட்டு மனு கொடுத்து ஒப்புகை வாங்குவதும் பின்னாளில் வழக்குக்கு உயிர் கொடுக்கும்.

ஒழுங்குமுறை ஆணையம் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகளைத் திருத்தி, ஒரே மின்மாற்றிக்குக் கீழ் இரண்டுக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் சேதம் பதிவானால் அது மின்பாதைக் கோளாறே என்று அனுமானிக்கவும், அதை மறுக்கும் கடமையை நிறுவனத்திடம் வைக்கவும், பழுதுச் செலவையோ பொருளின் தேய்மானம் போக எஞ்சிய விலையையோ முப்பது நாளில் அடுத்த மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளவும், மீட்டரின் மின்னழுத்தப் பதிவைக் கேட்ட நுகர்வோருக்குக் கட்டணமின்றித் தரவும் வகை செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 57-ஆம் பிரிவு தரும் அதிகாரமே போதும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரைவு விதியை வெளியிட்டு ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கட்டும்.