வேன் கிளம்பிய பிறகு

கொங்குப் பக்கம் ஒரு புதுப் பள்ளிக்கூடம். திறந்து இரண்டாவது வருஷம், சுவரில் பெயின்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளைத் தகர ஷெட்டுக்குள் கையைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர். 35 நிமிஷ நாடகம். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்.' நான்தான் கெட்ட மாமா. கெட்டவன் என்றால் லுங்கி, பெரிய மீசை, கன்னத்தில் கறுப்பு மை. (இதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதித் திட்டலாம். இப்போது வேண்டாம்.) கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து மூன்று தடவை கத்த வேண்டும்: "கத்து! ஓடு! சொல்லு!" கத்தினார்கள். தகரம் அதிர்ந்தது. தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார். போட்டோகிராபர் வளைத்து வளைத்து எடுத்தார்.

தேங்காய் எண்ணெய் வைத்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் மீசையையே பார்த்தது. அப்புறம் கேட்டது.

"அண்ணா, அந்த மாமா வீட்லயே இருந்தா எங்க ஓடறது?"

எங்கள் ஸ்கிரிப்ட்டில் இதற்குப் பதில் கிடையாது. நான் ஏதோ சொன்னேன், "டீச்சர்கிட்ட சொல்லும்மா" என்கிற மாதிரி. அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஹாரன் அடிக்க வைத்துவிட்டார். 11.30க்கு அடுத்த பள்ளி, 40 கிலோமீட்டர். ஓடிப்போய் வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். "சின்னப் புள்ளைங்க சார், எதையாவது கேட்டுட்டே இருக்கும்" என்றார். வேனில் ஏறியதும் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "ஸ்கூல் பாத்துக்கும் ப்ரோ, நாம ஷோ மட்டுந்தான்" என்றார். மூன்று ஷோ பாக்கி இருந்தது. நடித்தேன். அன்றைக்கு மட்டும் ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் "சொல்லு, சொல்லு" என்று கத்த வைத்தவன், எனக்குச் சொல்லப்பட்டதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. ஒரு குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், எவரும் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். நடந்தது தெரிந்தும் தராமலிருந்தால் 21ஆவது பிரிவில் தண்டனை. 1098 என்று ஒரு இலவச எண் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு வருஷம் கழித்து. போக்சோ விழிப்புணர்வு நாடகத்தை நாற்பது தடவைக்கு மேல் ஆடியவனுக்கு அந்தச் சட்டத்தை யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களை அனுப்பியது ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம். கன்சல்டன்சி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். புதிதாகப் பள்ளி தொடங்குபவர்களுக்கு அடிமுதல் நுனிவரை செய்து கொடுப்பவர்கள். உங்களிடம் நாலைந்து ஏக்கர் இருக்கிறது, ரைஸ் மில்லோ பைனான்ஸோ நடத்துகிறீர்கள், "ஒரு ஸ்கூல் கட்டலாம்னு இருக்கோம்" என்று சொன்னால் போதும். டிரஸ்ட் பதிவு, பள்ளியின் பெயர், லோகோ, யூனிஃபார்ம் நிறம், மாநில அரசின் தடையின்மைச் சான்று, சிபிஎஸ்இ இணைப்புக்கான கோப்பு, ஆசிரியர் நேர்காணல், பாடப்புத்தகம், ஸ்மார்ட் போர்டு, ஏப்ரல் மாத அட்மிஷனுக்கு ஃபிளெக்ஸ் வரைக்கும் அவர்கள் பொறுப்பு.

இதில் பாதி வேலை தேவையான வேலைதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை எரிந்து 94 குழந்தைகள் செத்தார்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று இன்றைக்கு ஒரு பள்ளி கையில் வைத்திருக்க வேண்டிய காகிதம் ஒவ்வொன்றின் மேலும் அந்தச் சாம்பல் இருக்கிறது. அவற்றை ஒழுங்காக வாங்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அதற்குக் காசு வாங்கினால் வாங்கட்டும்.

என் சண்டை அதற்கு அடுத்த பக்கத்தோடு. நம் நாட்டில் பள்ளிக்கூடம் லாபத்துக்கு நடத்தும் தொழில் இல்லை. சிபிஎஸ்இ இணைப்பு வேண்டுமென்றால் ஒரு டிரஸ்ட்டோ, சங்கமோ, பிரிவு 8 கம்பெனியோதான் பள்ளியை நடத்த முடியும். டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. தமிழ்நாட்டில் 2009இலிருந்து கட்டணத்தை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமும் உண்டு. ஆனால், அந்தப் பள்ளிக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனிக்கு? புத்தகம் விற்கும் கம்பெனிக்கு? நாடகம் அனுப்பும் கம்பெனிக்கு? அவை சாதாரண வியாபார நிறுவனங்கள், லாபம் எடுக்கலாம். வாசலில் 'அறக்கட்டளை' என்று போர்டு, பின்வாசலில் பில் புத்தகம். கல்வி வியாபாரம் ஆகிவிட்டது என்று சும்மா புலம்பிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கதவு வழியாக ஆனது என்று பார்க்க வேண்டாமா?

நாடகம் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் பள்ளிக்குள் போகிறது. எங்கள் கன்சல்டன்சி கொடுத்த விலைப்பட்டியலை ஒருமுறை பார்த்தேன். அபாகஸுக்கும் ரோபோட்டிக்ஸுக்கும் நடுவில் ஒரு வரி: 'தியேட்டர் எக்ஸ்போஷர், வருடத்துக்கு 2 ஷோ.' கோல்ட் பேக்கேஜ் எடுத்தால் இலவசம்.

ஏன் இலவசம் என்று அப்போது புரியவில்லை. 2019இல் சிபிஎஸ்இ, எல்லா வகுப்புகளுக்கும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளை கலைக் கல்வி கட்டாயம் என்றது. இசை, நடனம், காட்சிக் கலை, நாடகம் நான்கும் அதில் அடக்கம். நியாயமாகச் செய்தால் ஒரு நாடக ஆசிரியரை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு ஷோவும் அறுபது போட்டோவும் இருந்தால் கோப்பில் அந்தக் கட்டம் நிரம்பிவிடுகிறது. ஒரு பள்ளியில் நாடகம் இல்லாமலிருப்பதை மறைக்க நாடகமே பயன்படுகிறது. நாங்கள் வந்துபோவதுதான் அங்கே ஒரு நாடக ஆசிரியர் வராமலிருக்கக் காரணம். இது புரிந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்விக்கான நாடகம் என்று உலகம் பேசுவது எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் கவன்ட்ரி என்று ஒரு ஊர். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நொறுங்கிய ஊர். திரும்பக் கட்டியபோது 1958இல் நகராட்சிப் பணத்தில் ஒரு நாடக அரங்கம் கட்டினார்கள். யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு நகரம் மரம் அன்பளிப்பாகக் கொடுத்ததால் அதன் பெயர் பெல்கிரேடு தியேட்டர். 1965இல் அந்த அரங்கம் பள்ளிகளுக்குள் போக ஒரு குழுவை உருவாக்கியது. அந்தக் குழுவில் இருந்தவர்களை நடிகர்-ஆசிரியர் என்றே அழைத்தார்கள். முந்நூறு பேருக்கு முன்னால் மைக் வைத்து ஆடுவது அவர்கள் வேலையில்லை. ஒரு வகுப்பு, முப்பது சொச்சம் பிள்ளைகள், அரைநாளோ முழுநாளோ. பிள்ளைகளும் கதைக்குள் இறங்கி முடிவெடுப்பார்கள். வகுப்பு ஆசிரியரோடு முன்கூட்டியே பேசிவைப்பார்கள், முடிந்த பிறகு தொடர்வதற்கும் வேலை இருக்கும். பள்ளி காசு கொடுக்க வேண்டியதில்லை, நகரம் கொடுத்தது. எண்பதுகளின் முடிவில் பணம் பள்ளிகளின் கைக்குப் போய், 'வேண்டுமானால் நீங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற நிலை வந்தபோது அங்கேயும் குழுக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவை ஒரே நேரத்தில் நிறையத் தலைகள் பார்க்கிற ஷோக்களுக்கு மாறின. ஆக, நாம் இறக்குமதி செய்திருப்பது கவன்ட்ரியை இல்லை, கவன்ட்ரி செத்த பிறகு மிஞ்சியதை.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் அப்பா அம்மாவைக் கேளுங்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களின் போட்டோக்களை இன்றைக்கும் இணையத்தில் பகிர்கிறோம். அந்த இயக்கத்தின் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஆடின. எல்லாம் உன்னதமான கலை என்று சொல்ல மாட்டேன். நிறைய கோஷம், நிறைய பிரச்சாரம், எங்கள் 'கத்து ஓடு சொல்லு'வுக்கு அண்ணன்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குழு அடுத்த ஊருக்குப் போன பிறகு அந்தத் தெருவிலேயே ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியது சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா. நாடகம் பார்த்துவிட்டு 'எனக்கும் படிக்கணும்' என்று ஒரு கிழவி சொன்னால், அதைக் கேட்க மறுநாள் அங்கே ஒரு ஆள் இருந்தாள்.

மறுநாள் ஆள் இருக்கிறாளா? நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

ஊர் ஊராகப் போவதே தப்பு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரியிலிருந்து வேலு சரவணன் தன் 'ஆழி' குழுவோடு எத்தனை வருஷமாகப் பள்ளி பள்ளியாகப் போகிறார். 'கடல் பூதம்' பார்த்துச் சிரித்த பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற வயதுக்கு வந்திருப்பார்கள். சிரிப்பைக் கொடுக்க வருபவர் கொடுத்துவிட்டுப் போகலாம், அதில் பொய் இல்லை. 'உன் ரகசியத்தைச் சொல்லு' என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டு 11.30க்கு வேன் ஏறுவதுதான் பொய்.

இப்படிப் பேசினால் இரண்டு பதில் வரும். ஒன்று, "எதுவுமே இல்லாததுக்கு இது பரவால்லல்ல?" பரவாயில்லை இல்லை. "சொன்னா பெரியவங்க கேப்பாங்க" என்று மேடையிலிருந்து வாக்குக் கொடுக்கிறோம். அதை நம்பி ஒரு பிள்ளை வாயைத் திறந்து, யாரும் கேட்கவில்லை என்றால், அது அடுத்த தடவை திறக்காது. நாடகமே வராத பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கையாவது மிச்சமிருந்திருக்கும்.

இரண்டாவது பதில் கஷ்டமானது. "உனக்கு வசதி, பேசற. எனக்கு வாடகை கட்டணும்." இதைச் சொன்னவன் என்னோடு ஒரே வேனில் போனவன், கூத்துக் குடும்பத்துப் பையன், என்னைவிடப் பத்து மடங்கு நடிகன். ஒரு நாளைக்கு 800 ரூபாய், நாலு ஷோ, மதியச் சாப்பாடு. அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. புதுச்சேரியிலும் தஞ்சாவூரிலும் பல்கலைக்கழகங்களில் நாடகம் படித்துவிட்டு வருகிறவர்கள் எங்கே போவார்கள்? 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,500 பேருக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை எல்லாம் இருந்தது. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். நாடக ஆசிரியர் என்ற பெயருக்கு அந்தத் தெருவில்கூட இடமில்லை. ஆகவே கோபப்பட வேண்டியது அந்தப் பையன்மேல் இல்லை. வேலையாக இருந்திருக்க வேண்டியதை நாள்கூலியாக நறுக்கி விற்கிறவர்கள்மேல்.

கன்சல்டன்சி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். பேக்கேஜை மாற்றுங்கள். முந்நூறு பேருக்கு ஆடச் சொல்லாதீர்கள், ஒரு வகுப்புக்கு ஆடச் சொல்லுங்கள். முந்தின நாள் அந்த வகுப்பு ஆசிரியரை நடிகர்களோடு உட்கார வையுங்கள். பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் யாரிடம் போக வேண்டும், அந்த ஆள் அன்றைக்குப் பள்ளியில் இருப்பாரா என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். அடுத்த வாரம் அதே குழுவைத் திரும்ப அனுப்புங்கள். நடிகனுக்குச் சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஷோ எண்ணிக்கை பாதியாகும், லாபமும் குறையும். தெரியும். தீயணைப்புச் சான்று வாங்கவும்தான் செலவாகிறது, அதை யாரும் கோல்ட் பேக்கேஜில் மட்டும் தருவதில்லையே.

அந்தப் பள்ளிக்கு மறு வருஷமும் போனேன். இந்தத் தடவை சாலைப் பாதுகாப்பு, நான் ஹெல்மெட் போடாத அண்ணன். ஆட்டம் முடிந்ததும் அஞ்சாம் வகுப்பு வரிசையில் தேடினேன். முகம் நன்றாக ஞாபகம் இருந்தது, பெயர் கேட்டுவைக்கவில்லை. எப்படி இருப்பாள் என்று ஆசிரியையிடம் சொல்லிப் பார்த்தேன். "நெறைய பேரு டிசி வாங்கிட்டுப் போயிட்டாங்க சார், பீஸ் ஏத்திட்டாங்கல்ல" என்றார்.

போன ஜூனில் மறுபடி போன் வந்தது. புதுப் பள்ளிகள் ஆறு, முப்பது ஷோ, இந்தத் தடவை ஆயிரம் ரூபாய். பிள்ளைகள் ஏதாவது சொன்னால் யாரிடம் போவது என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்கூல் பாத்துக்கும் சார். நீங்க டேட் மட்டும் சொல்லுங்க."

நான் டேட் சொல்லவில்லை. அவன் சொல்லிவிட்டான். வாடகை கட்ட வேண்டும். அவனுக்கு 1098ஐயும் 19ஆவது பிரிவையும் வாட்ஸப்பில் அனுப்பிவைத்தேன். 'சரிண்ணே' என்று பதில் போட்டிருக்கிறான்.