குருதியிலா, குடிநீரிலா?

"தோட்டத்துப் பிள்ளைகள் கட்டையாகத்தான் இருப்பார்கள், அது அவர்களுடைய பரம்பரை" என்னும் கூற்று எம்மிடையே பெரிதும் வழங்குகின்றது. ஏதோ விஞ்ஞான உண்மையை எடுத்துரைப்பார் போன்று நிதானமாகவே இதனைக் கூறுவர். படித்தோர் கூறுவர், மலையகத்திற் பிறந்து நகரத்தில் உத்தியோகம் பார்ப்போரும் கூறுவர். 'ஜீன்' என்னும் சொல் அண்மைக் காலத்தில் இதனோடு ஒட்டிக்கொண்டமையால் இதன் மதிப்பும் உயர்ந்துவிட்டது. மெண்டலின் பட்டாணிச் செடிகளில் நெட்டையும் குட்டையும் வந்த கணக்கோடு பிறப்புரிமையியல் முடிந்துவிட்டதென எண்ணுவோரின் பேச்சு இது. மனிதனின் உயரம் ஒரு பரம்பரையலகின் செயலன்று. 54 இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, உயரத்தோடு தொடர்புடைய மரபு வேறுபாடுகள் 12,000இற்கும் மேலெனக் கண்டது.

பரம்பரையைப் பற்றிப் பேசுவதாயின் தேயிலையிலிருந்தே தொடங்குவோம். 1925இல் உருவாகி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. தெரிந்தெடுத்த தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் கணுவும் கொண்ட தண்டுத் துண்டுகளை வெட்டி நட்டு உண்டாக்கும் தேயிலையை நாமறிவோம். 'டி.ஆர்.ஐ. 2025' அத்தகையது. ஒரு மலை முழுவதும் அவ்வினமே நிற்குமாயின், அங்குள்ள தூர்கள் யாவும் பரம்பரையால் ஒன்றே. ஆயினும் பள்ளத்துக் கருமண்ணில் நிற்பது தளதளவெனக் கொழுந்துவிட, மண் கழுவுண்ட மேட்டில் நிற்பது வெளிறிக் குன்றிக் கிடப்பதைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் அனைவரும் அறிவர். அவ்வேளை நிர்வாகம் என்ன செய்கின்றது? மண்ணை எடுத்துச் சோதிப்பிக்கின்றது, யூரியா இடுகின்றது, டொலமைற் தூவுகின்றது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது, ஈர இலைமீது முளைக்கும் பங்கசொன்றே காரணமென அறிந்து செப்பு மருந்து தெளித்தனர். (1869 முதல் கோப்பியை ஒரு பங்கசு அழித்த கதையைத் துரைமார் மறந்திருக்க நியாயமில்லை.) 'இத்தூரின் சாதியே இப்படித்தான்' என்று எவரும் கைவிட்டுப் போகவில்லை.

அதே மலைச்சரிவிலேதான் லயங்களும் நிற்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரமற்றோர் நாடளாவ 17.3 வீதம், தோட்டப்புறத்திலோ 31.7 வீதம். தாயின் குருதிச்சோகை, குறைந்த கூலி, பிறக்கும்போதே குறைந்த நிறை ஆகியன இதற்குக் காரணமென்பதை மறுப்பாரில்லை. கண்ணுக்குத் தெரியாமையால் இவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது நுண்ணங்கி. மேல் லயத்தின் கழிவு கலந்த ஓடையே கீழ் லயத்தின் பீலிக்கு வருமாயின், பிள்ளை ஒவ்வொரு மிடற்றிலும் மலத்துப் பற்றீரியாவை விழுங்குகின்றது. வயிற்றோட்டம் வந்தால் தாய் அறிவாள். வராமலும் கேடு நிகழும். இடையறாது புகும் கிருமிகளால் சிறுகுடலின் சடைமுளைகள் தட்டையாகின்றன. உண்ட ரொட்டியின் சத்து முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சியதிலும் ஒரு பகுதி கிருமியோடு போராடுவதிலேயே செலவாகின்றது. எலும்பு வளர எஞ்சுவது சொற்பமே.

"தாயும் கட்டை, மகளும் கட்டை, இது பரம்பரையன்றி வேறென்ன?" என வினவுவர். தாயிடமிருந்து மகளுக்கு வருவன பரம்பரையலகுகள் மட்டுமா? அதே காம்பிரா, அதே பீலி, அதே சம்பளக் கணக்கு ஆகியனவும் அல்லவா வருகின்றன! உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்ற பிள்ளைகளை அளந்தது. ஐந்து வயதுவரை அவர்களின் வளர்ச்சி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தில்லிப் பிள்ளை ஒஸ்லோப் பிள்ளையோடு ஒப்ப வளருமெனின், பொகவந்தலாவைப் பிள்ளை மட்டும் எந்தக் குருதியால் குன்றுகின்றது?

இப்பழி புதியதுமன்று. தோட்டத் தொழிலாளி பிறவிச் சோம்பேறி என்று ஒரு காலத்தில் ஏசினர். 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைப் பகுதியில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, அச்'சோம்பலின்' பெரும்பகுதி குடலிலிருந்து குருதி உறிஞ்சும் புழுவின் வேலையென்பது தெரியலாயிற்று. புழுவை நுண்ணங்கி என்றல் தவறு. ஆனால் வாதம் ஒன்றே. மலசலகூடமின்மையைத் தொழிலாளியின் குணமாக மாற்றிச் சொன்னார்கள்.

பரம்பரை என்றுவிட்டால் தோட்டக் கம்பெனி குழாய் பதிக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையும் இருந்தது. தடை நீங்கிய பின்பு குழாய் வந்த லயங்கள் எத்தனை என்று சபை உறுப்பினரை யாராவது கேட்டதுண்டா?

கலைப்பீட மாணவனுக்குப் பற்றீரியாவோடு என்ன வேலை என்பார் இருக்கலாம். பரம்பரை என்ற சொல்லைப் பிழையாக ஆள்வோரிற் பலர் எம் பீடத்தாரே! தேயிலை நிற்கும் மண்ணின் அமிலத்தன்மையைத் தோட்டக் கந்தோரிற் குறித்து வைக்கிறார்கள். பீலி நீரில் ஈ.கோலை எவ்வளவு என்பதை எந்தக் கந்தோரிற் குறித்து வைத்துள்ளனர்? மாதிரியெடுத்து ஆய்வுகூடத்திற் கொடுத்தால் ஓரிரு நாளில் விடை கிடைக்கும். விஞ்ஞான பீட நண்பர்கள் வரும் விடுமுறையில் கிருமி நீக்கிய போத்தல்களோடு எம்மூருக்கு வரட்டும். எந்தெந்தப் பீலி என்பதை நாம் காட்டுகிறோம்.