தாத்தா பிறந்த ஊர் எது?

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே தேடல்தான். 2002 வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அப்பா, அம்மா பெயராவது இருக்கிறதா? தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு பல தொகுதிகளின் பெயரும் எல்லையும் மாறிவிட்டன. இருபது வருடங்களுக்கு முன் எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை எண் என்று யாருக்கு நினைவிருக்கும்? கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்களுக்கு இன்னொரு சிக்கல். அப்போது அப்பாவின் இனிஷியலோடு மு. செல்வி, இப்போது கணவரின் இனிஷியலோடு க. செல்வி. பிறந்த ஊர்ப் பட்டியலில் ஒருவர், புகுந்த ஊர்ப் பட்டியலில் மற்றொருவர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று பி.எல்.ஓ.விடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், விளக்க வேண்டிய பொறுப்பும் அந்தச் செல்வியுடையதுதான். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோ, இடிக்கப்பட்ட வீட்டின் முகவரியைத் தேடிக்கொண்டிருந்தன.

இந்தியத் தேர்தலில் இந்தியக் குடிமக்கள்தான் வாக்களிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது; அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எல்லா நாடும் இப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் முறையான விசாவோடு வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் நாட்டவர் என்ற தகுதியில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். நியூசிலாந்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அது அவர்கள் வழி. நம் நாட்டு விதி வேறு, அது நியாயமான விதிதான். ஆனால், ஒருவர் குடிமகனா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியது யார்? அரசா, அந்த ஆளா? இப்போதைய சண்டையெல்லாம் அதைப் பற்றித்தான்.

2025 வரை நடைமுறை சுலபமாகத்தான் இருந்தது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வயதுக்கும் முகவரிக்கும் சான்று கொடுக்க வேண்டும். குடியுரிமைக்கு, 'நான் இந்தியக் குடிமகன்' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் போதும். பொய்யென்றால் ஓராண்டு வரை சிறை என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவு மிரட்டுகிறது. 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயர், உரிய விசாரணைக்குப் பிறகே சேர்க்கப்பட்டது என்று கொள்ள வேண்டும், இல்லை என்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

2025 ஜூன் 24 அன்று பீகாருக்காகத் தேர்தல் ஆணையம் அறிவித்த சிறப்புத் தீவிரத் திருத்தம், எல்லோரும் பேசும் எஸ்.ஐ.ஆர்., இதைத் தலைகீழாகத் திருப்பியது. 2003 பட்டியலில் இல்லாதவர்கள் 11 ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவருக்கும் ஆவணம், 2004 டிசம்பர் 2-க்குப் பிறகென்றால் இருவருக்கும். அந்தப் பதினொன்றில் ரேஷன் கார்டு இல்லை, ஆதார் இல்லை, ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பேர் காணாமல் போனார்கள். அவர்கள் யார் யார் என்று தனிப் பட்டியல் வெளியிடச் சட்டத்தில் கட்டாயம் இல்லை என்று ஆணையம் வாதிட்டது. காரணத்தோடு வெளியிடுங்கள் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது வெளிவந்தது. ஆதாரை அடையாளச் சான்றாக ஏற்க வைப்பதற்கும் செப்டம்பரில் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

அதே திருத்தம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது கெடுபிடி சற்றுக் குறைவு. படிவத்தோடு ஆவணம் கேட்கவில்லை. பழைய பட்டியலோடு தொடர்பு காட்ட முடியாதவர்களுக்குப் பிறகு நோட்டீஸ் என்றார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடி வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகியிருந்தது. நீக்கப்பட்ட 97 லட்சத்துச் சொச்சத்தில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள். அவர்கள் பெயரை எடுத்தது சரிதான். கள்ள ஓட்டுக்குத் தீனியே அந்தப் பெயர்கள்தான். மூன்று லட்சத்துக்கு மேல் இரட்டைப் பதிவு. மீதி 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். ஊடுருவிய வெளிநாட்டவரை நீக்குவதும் இந்தத் திருத்தத்தின் நோக்கம் என்று முதல் அறிவிப்பிலேயே சொன்னார்களே, அதற்கு ஒரு தனிக் கணக்கு அந்தப் பட்டியலோடு வரவில்லை.

'ஒரு காகிதம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்பவர்கள் 1948-க்குக் கொஞ்சம் போய் வர வேண்டும்.

அந்த ஆண்டு இந்தியாவில் முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியல் தயாரிக்கும் வேலை தொடங்கியது. அரசியல் சட்டம் இன்னும் முடியவில்லை. குடியுரிமைச் சட்டம் வர 1955 ஆனது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த லட்சக்கணக்கானோர் முகாம்களில் இருந்தார்கள். குறிப்பிட்ட நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதியை அவர்களால் நிறைவேற்ற முடியாது. அரசியல் நிர்ணய சபையின் செயலகம் ஒரு வழி கண்டது: இந்தத் தொகுதியில் நிரந்தரமாக வாழப்போகிறேன் என்று அகதி உறுதி சொன்னால் போதும், பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்களின் வாய்ச்சொல்லை நம்பி எழுதத் தொடங்கிய பட்டியல் நம்முடையது. அந்த வேலையிலும் குறை இருந்தது. தம் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை.

அதே 1948-ல், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தமிழர்களான மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் அப்பா இங்கே பிறந்தவரா என்று காட்டு. இல்லையா, தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. லயன் அறையில் பிறந்து, கொழுந்து பறித்து, அதே தோட்டத்தில் மண்ணாகிப்போனவருக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தார்கள்? கண்டிப் பக்கத்துச் சிங்கள விவசாயியிடமும் கொள்ளுத்தாத்தாவின் சான்று இருந்திருக்காது. ஆனால், அவரிடம் எவரும் கேட்கவில்லை.

1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கே வாக்கு என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கேகாலையில் வாக்காளர் பட்டியல் திருத்த அலுவலர் ஒருவர் இந்தச் சட்டங்களே செல்லாது என்று துணிந்து தீர்ப்பெழுதினார். 1951-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1953-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அரசின் பக்கமே நின்றது; தன் குடிமக்கள் யார் என்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்றது. சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல்லே இல்லையே! இந்திய வம்சாவளியினர் குடியுரிமை கேட்பதற்கான தனிச் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தார்கள், ஏறத்தாழ 1.34 லட்சம் பேருக்குத்தான் கிடைத்தது. மலையகத் தமிழர் ஒருவர், தொண்டமான், தேர்தலில் வென்று மீண்டும் நாடாளுமன்றம் போக 1977 ஆனது. இடையில் 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரைச் சரக்குக் கணக்குபோல இந்தியாவின் பங்குக்கு ஒதுக்கியது. கூடலூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் பலர் அந்தக் கணக்கில் வந்தவர்களின் பிள்ளைகள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. 55 ஆண்டுகள்.

நம் அகதி முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழர்களைக் கேட்டால் ஒரு தேதியின் எடை தெரியும். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதை நம்பி நீதிமன்றம் போய், பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த ஒரு முகாம் பெண் உண்டு. அதே முகாமில் அந்தத் தேதிக்குப் பிறகு அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவர், தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதிக்காதவரானாலும், வெளிநாட்டவர்.

நமக்கு வேண்டியதெல்லாம் லால் பாபு உசேன் வழக்கின் 1995 தீர்ப்பு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவதுதான். ஏற்கெனவே வாக்களித்து வந்த ஒருவரை நீக்குவதென்றால் அவர் பெயருக்கு நோட்டீஸ் போக வேண்டும், காரணத்தோடு, அவருக்குப் புரியும் மொழியில். 'முகவரியில் இல்லை' என்று எழுதும் முன், பி.எல்.ஓ. எந்தத் தேதிகளில் எத்தனை மணிக்கு வந்தார் என்று குறிக்க வேண்டும்; காலை ஏழு மணிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். நீக்கப்பட்டவர்களின் பட்டியலை அந்தந்த வாக்குச்சாவடியிலேயே ஒட்ட வேண்டும். வெளிநாட்டவர் என்று சந்தேகப்பட்டால், சந்தேகத்துக்கு என்ன ஆதாரம் என்று அலுவலர் முதலில் எழுதட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தேர்தலுக்கான வேட்பு மனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும் வரை பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாட்கள் வேண்டும். உங்கள் பெயரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, தெருமுனையில் இஸ்திரி போடுபவர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், இவர்கள் பெயர் இருக்கிறதா என்று உங்கள் போனிலேயே பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால், படிவம் 6-ஐப் பூர்த்தி செய்யப் பத்து நிமிடம் போதும்.