ஸ்டெப்னி வேண்டுமா என்பதை வாங்குபவர் சொல்லட்டும்

திருச்சியில் எந்தக் கார் ஷோரூமுக்குப் போனாலும் டிக்கியைத் திறந்து காட்டுவார்கள், இத்தனை லிட்டர் கொள்ளும் என்பார்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று காட்டுபவர்கள் குறைவு. கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. எட்டு ஒன்பது லட்சம் ரூபாயில், ஐந்தாறு வருடத் தவணையில் வாங்கும் குடும்பக் கார் அது. அதில் ஐந்தாவது சக்கரம் உண்டா, உண்டென்றால் முழு அளவா, எங்கே மாட்டியிருக்கிறது, டிக்கியின் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் டெலிவரி எடுத்து மாலை போட்ட பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். சிலருக்கு முதல் பஞ்சர் அன்றுதான் தெரிகிறது.

ஸ்டெப்னி இல்லாத கார் இன்று சட்டப்படி சரியான கார்தான். 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட், டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி ஆகிய மூன்றும் இருந்தால், மூன்றரை டன்னுக்கு மிகாத பயணியர் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை தயாரிப்பாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததே தவிர, பணம் கட்டுபவரின் கைக்கு வரவில்லை. என் வருத்தம் அதில்தான்.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். 2013-ல் அறிமுகமானபோது பின்கதவின் வெளிப்புறத்தில் ஸ்டெப்னியைச் சுமந்து வந்தது. பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் அந்தக் கதவு பக்கவாட்டில் திறக்கும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பின்னால் இன்னொரு வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டால் டிக்கியை முழுதாகத் திறக்க வழியில்லை. 2021 மார்ச்சில் வந்த எஸ்இ வகையில் அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டு கிட் வைத்தார்கள். பாராட்ட வேண்டிய விஷயம், ஸ்டெப்னியோடு கூடிய மற்ற வகைகளும் அதே நேரத்தில் விற்பனையில் இருந்தன. இரண்டையும் பார்த்து, தன் தேவைக்கு எது என்று வாங்குபவரே முடிவு செய்ய முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால் அந்தப் பரிசோதனை நீடிக்கவில்லை.

இப்போது சிக்கனம் தேடும் குடும்பம் சிஎன்ஜி காரைப் பார்க்கிறது. பழைய முறையில் 60 லிட்டர் சிலிண்டர் ஒன்று டிக்கியின் குறுக்கே படுத்திருக்கும். ஒரு பெட்டி வைக்கவே திணற வேண்டும். 2023 மே மாதம் டாடா நிறுவனம் அல்ட்ரோஸில் தலா 30 லிட்டர் கொண்ட இரண்டு சிலிண்டர்களை டிக்கித் தளத்துக்கு அடியில் பதித்தது. பெட்ரோல் அல்ட்ரோஸின் 345 லிட்டர் டிக்கி 210 லிட்டராகச் சுருங்கினாலும் தளம் சமமாக, பயன்படும்படி இருந்தது. ஸ்டெப்னி வண்டியின் வயிற்றுக்கு அடியில் போனது. 2024 ஜூலையில் ஹூண்டாய் எக்ஸ்டரிலும் அதே இரட்டை சிலிண்டர் ஏற்பாடு வந்தது. அதில் ஸ்டெப்னியையே எடுத்துவிட்டு கிட் கொடுத்தார்கள். எரிவாயு வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ஐந்தாவது சக்கரம் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னதாக அர்த்தமாகிவிடுகிறது.

கிட் எதற்கு உதவும், எதற்கு உதவாது? டயர் சாலையைத் தொடும் பட்டைப் பகுதியில் ஆணியோ முள்ளோ குத்தி, துளை ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், பசைக் குப்பியும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னக் கம்ப்ரசரும் வேலை செய்யும். அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். பக்கவாட்டுச் சுவர் கிழிந்தாலோ, குழியில் இறங்கி ரிம் நெளிந்தாலோ அந்தக் குப்பியால் ஒரு பயனும் இல்லை. குப்பிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. நான்கைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். உள்ளே போன பசையைப் பிறகு பஞ்சர் கடைக்காரர்தான் வழித்துக் கழுவ வேண்டும், அதற்கு அவர் முகம் சுளிப்பதும் நியாயமே.

ஆகவே எந்த ஊரில், எந்தச் சாலையில் ஓட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. உறையூரிலும் பாலக்கரையிலும் தில்லை நகரிலும் ஓட்டுபவருக்கு ஆணிதான் பெரும்பாலும் எதிரி. கூப்பிடு தூரத்தில் கடை இருக்கிறது. ஜாக்கியில் தூக்கி, குறடால் ஆணியைப் பிடுங்கி, துளையை ஊசியால் அராவி, பசை தடவிய பட்டையைத் திணித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். இந்த ஓட்டத்துக்குக் கிட் மட்டுமே போதும். காற்றழுத்தத்தைக் காட்டும் கருவிதான் இங்கே பெரிய உதவி. சிந்தாமணியிலிருந்து மாம்பழச் சாலைக்குப் போகும் காவிரிப் பாலத்தின் நடுவில் ஓரங்கட்ட இடமில்லை. காற்று இறங்குகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தால் பாலம் ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிடலாம். ஸ்டெப்னி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கருவி எல்லாக் கார்களிலும் இருக்க வேண்டும்.

குடும்பக் கார் ஊருக்குள் மட்டும் ஓடுவதில்லை. திருச்சிக் குடும்பங்கள் சென்னைக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கின்றன. இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது இங்கே பழக்கம். பாடாலூர் தாண்டினால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் அதே சாலையில் நள்ளிரவு இரண்டு மணிக்குச் சைடுவால் கிழிந்தால் நம் அளவுக்கு ஒரு டயர் விற்கத் திறந்திருக்கும் கடை கிடைப்பது அரிது. 1033-ஐ அழைத்தால் நெடுஞ்சாலை ஆணையத்தின் ரோந்து வண்டி வரும், கிரேன் வரும். வண்டி பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரும். பயணம் அங்கேயே நின்றுவிடும்.

அதைவிட முக்கியம் குலதெய்வக் கோயில் பயணம். வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ, பொங்கல் பானை, விறகு, தேங்காய்ப் பை, பெரியவர்கள், குழந்தைகள் என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சீமைக்கருவேலம் இருபுறமும் அடர்ந்த சாலையில் போகிறோம். முள்ளை கிட் சமாளிக்கும். கப்பிக்கல் பெயர்ந்த ஓரத்தில், பாரம் ஏறிய டயர் இறங்கி ஏறும்போது கிழிவதைச் சமாளிக்காது. செல்போன் சிக்னலும் தடுமாறும் அந்த இடத்தில்தான் ஐந்தாவது சக்கரம் தன் விலையைத் திருப்பித் தருகிறது. வருடத்தில் 350 நாள் தேவைப்படவில்லை என்பதற்காக மீதி நாட்களை மறந்துவிட முடியாது.

ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தால் மைலேஜ் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கணக்குப்படி, காரில் 45 கிலோ பாரம் கூடினால் மைலேஜ் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். சிறிய காரின் ஸ்டெப்னி 15 கிலோ அளவு. அதாவது மூன்றில் ஒரு பங்கு சதவீதம். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர் பெட்ரோல். மிச்சம் இருபது ரூபாய்கூட வராது. அதே கணக்கின்படி நான்கு டயர்களிலும் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் போகிறது. ஐந்து பிஎஸ்ஐ குறைவாக ஓட்டுபவர், ஸ்டெப்னியைக் கழற்றி மிச்சம் பிடிப்பதைப் போல மூன்று மடங்கை இழக்கிறார். சிக்கனம் வேண்டுபவர் மாதம் இருமுறை காற்றுப் பிடிக்கட்டும்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. விலை கூடிய வேரியன்ட்டில் 15 அங்குல அலாய் வீலும், ஸ்டெப்னியாக 14 அங்குல இரும்பு ரிம்மும் கொடுத்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது ரிம்மின் அளவை அல்ல, டயரோடு சேர்ந்த மொத்த விட்டத்தை. 185/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். 165/80 ஆர்14 டயரின் விட்டம் 620. இந்த இரண்டும் ஒரே காரில் இருந்தால் சிக்கலில்லை. அகலம் குறைந்த டயர் என்பதால் பிரேக்கையும் திருப்பத்தையும் நிதானமாக வைத்துக்கொண்டால் போதும், டிக்கியில் அது அடைக்கும் இடமும் குறைவு. விட்டமே குறைந்த, ஒல்லியான தற்காலிகச் சக்கரம் வேறு ரகம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் அதை முன்பக்கம் மாட்டி நெடுந்தூரம் ஓட்டுவது டிஃபரன்ஷியலுக்கு நல்லதல்ல. பின்சக்கரத்தைக் கழற்றி முன்னே மாட்டி, ஒல்லிச் சக்கரத்தைப் பின்னே போட வேண்டும். இருட்டில், மழையில், இரண்டு சக்கரங்களை மாற்றும் வேலை அது. சிக்கனக் காருக்கு ஒத்த விட்டமுள்ள இரும்பு ரிம் ஸ்டெப்னியே சரி என்பது என் முடிவு.

டிக்கித் தளத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் செங்கல் போன்ற ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி அளப்பது. நம் வீட்டுச் சாமான் கட்டை வடிவில் இருப்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் வயதானவர்கள் உள்ள வீடுகள் நிறைய. முட்டி வலிக்காரர்களைத் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மடக்கும் சக்கர நாற்காலியை ஏற்ற வேண்டியிருக்கிறது. மடக்கினாலும் பதினைந்து கிலோவுக்கு மேல். தளம் பள்ளமாகவும் விளிம்பு உயரமாகவும் உள்ள டிக்கியில் அதை இடுப்புக்கு மேல் தூக்கி, உள்ளே இறக்கி, திரும்ப எடுக்கும்போது குனிந்து தூக்க வேண்டும். தளம் விளிம்புக்குச் சமமாக இருந்தால் ஒரு பக்கத்தைச் சாய்த்து வைத்துத் தள்ளிவிடலாம். சில கார்களில் தளப் பலகையை உயர்த்தியோ தாழ்த்தியோ பொருத்தலாம். உயர்த்தினால் மேலே சமதளம், கீழே ஸ்டெப்னிக்கும் கருவிகளுக்கும் இடம். 382 லிட்டர் டிசையரின் டிக்கி, 341 லிட்டர் வேகன்ஆரைவிடப் பெரியதுதான். ஆனால் வேகன்ஆரின் பின்கதவு கூரை வரை திறக்கும். நாற்காலியையோ நிமிர்ந்த குத்துவிளக்கையோ ஏற்றுபவருக்கு அந்தத் திறப்பு லிட்டரைவிடப் பெரிது. வாங்கும் முன் சாமானை எடுத்துக்கொண்டே ஷோரூமுக்குப் போய் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தளத்துக்கு அடியில் ஸ்டெப்னி இருந்தால், பஞ்சர் ஆகும்போது அத்தனை மூட்டையையும் சாலையில் இறக்க வேண்டும். ட்ரைபர், எர்டிகா போன்றவற்றில் வண்டிக்கு அடியில் இருப்பதால் சாமானைத் தொட வேண்டாம், ஆனால் சேறும் துருவும் ஏறும், திருட்டுக்கும் பயப்பட வேண்டும். வருடம் ஒருமுறையாவது இறக்கிப் பார்க்காவிட்டால் தேவைப்படும் நேரத்தில் போல்ட் அசையாது.

கிட்டை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். ஜாக்கி போட்டுச் சக்கரம் மாற்ற எத்தனை பேருக்கு உடம்பும் பழக்கமும் இருக்கிறது என்று கேட்கிறார்கள். தனியாக ஓட்டும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அது உண்மையிலேயே கடினம். ஆனால் கடினத்தில் பாதி நாம் உண்டாக்கியது. டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை முடுக்கிவிடுகிறார்கள். காரோடு தரும் குட்டை ஸ்பேனரால் பயில்வான்கூட அதைக் கழற்ற முடியாது. கடைசித் திருப்பைக் கையால் முடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். நீண்ட கைப்பிடி ஸ்பேனர் ஒன்று சில நூறு ரூபாய்தான். சக்கரத்தை நாமே மாற்றாவிட்டாலும், வண்டியில் சக்கரம் இருந்தால் வழியில் உதவ யாராவது வருவார்கள். இல்லாத சக்கரத்தை யாராலும் மாட்டித்தர முடியாது.

இருக்கும் ஸ்டெப்னியையும் கவனிக்க வேண்டும். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம் தயாரானது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயரும் ஆறு வருடத்துக்குப் பிறகு நம்பத் தக்கதல்ல. முழு அளவு ஸ்டெப்னி என்றால் சுழற்சியில் அதையும் சேர்த்து ஓட்டிவிட வேண்டும்.

அரசு 2020-ல் செய்த திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும். ஸ்டெப்னி இல்லாத ஒவ்வொரு காரின் விலைப்பட்டியலிலும் அந்தச் செய்தி விலைக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். அந்தக் காருக்குப் பொருந்தும் சக்கரம், ஜாக்கி, அதைக் கட்டிவைக்கும் கொக்கி மூன்றும் அதிகாரபூர்வ உபரிப் பொருளாக, விலை குறித்து, எல்லா டீலரிடமும் கிடைக்க வேண்டும். தளத்துக்கு அடியில் சிலிண்டர் வைக்கும் நிறுவனம் சக்கரத்துக்கு வண்டிக்கு அடியில் இடம் ஒதுக்கலாம் என்பதை அல்ட்ரோஸ் ஏற்கெனவே காட்டிவிட்டது. ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலும் அதைச் செய்ய முடியும்.

அதுவரை வேலை வாங்குபவருடையது. முன்பணம் கட்டும் முன் டிக்கிப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியின் அளவை நான்கு சக்கரத்தின் அளவோடு ஒப்பிட்டு எழுதி வாங்குங்கள். கிட் என்றால் குப்பியின் காலாவதித் தேதியைப் படியுங்கள். சக்கரம் தனியாக வாங்கினால் எங்கே வைப்பது, டிக்கியில் மீதி எவ்வளவு என்று அங்கேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் தில்லை நகரில் அடுத்த ஷோரூம் தூரமில்லை.